டீசல் பிக்கப் மலையேற்றத்தில் இழுவை இல்லாமல் நிற்கிறது: டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) மாற்றுவதா, வண்டியையே மாற்றுவதா?

உசிலைப் பூவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் பூ லோடு அடிக்கிறேன். 2021இல் எடுத்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் பிக்கப். இன்றைக்கு மீட்டரில் 86,400 கிலோமீட்டர். என்ன கம்பெனி என்று எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் முதல் பதிலிலேயே ‘அந்த வண்டி அப்படித்தான்’ என்று பேச்சு திரும்பிவிடும். வண்டிக்கு என்ன நோய் என்ற கேள்வி அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக அதுதான் நடக்கிறது.

முதலில் வண்டியின் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்புவேன். தொட்டப்பநாயக்கனூர், உத்தப்பநாயக்கனூர், அப்புறம் உள்ளே நாலு ஊர். ஒவ்வொரு ஊரிலும் பத்து நிமிடம், கால் மணி நேரம் நிற்கும். மொட்டு பறித்துக்கொண்டே இருப்பார்கள், சாக்கு நிறைய நிறையத்தான் எடை போடுவார்கள். அந்த நேரம் முழுக்க இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அடிக்கடி அணைத்துப் போட்டால் செல்ஃபும் பேட்டரியும் போய்விடும் என்று அப்பா பழக்கிய பழக்கம் அது. எல்லாம் ஏற்றிக்கொண்டு கருமாத்தூர், செக்கானூரணி வழியாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மதுரைக்குள் நுழைந்துவிட்டால் இரண்டாவது கியர், மூன்றாவது கியர்தான். மல்லிகை லோடு அடிப்பவர்களுக்குத் தெரியும், மொட்டு வாய் திறப்பதற்குள் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிந்தினால் விலை வேறு.

வாரத்தில் ஒரு நாள் கம்பத்துக்குப் போய் திராட்சை ஏற்றி வருவேன். போன மாதம் அப்படித் திரும்பி வரும்போது ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் விளக்கு எரிந்தது. கூடவே இழுவை போய்விட்டது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஆர்.பி.எம். இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று இறங்கி, கடைசியில் நின்றேவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறான். கிளீனர் பையன் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். 1,200 கிலோ பழம். சாவியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் கொஞ்ச தூரம் இழுக்கும், மறுபடியும் படுத்துவிடும். அப்படியே நின்று நின்று ஊர் வந்து சேர இரவு பதினொன்று ஆனது.

மறுநாள் விடிகாலையில் நானே பானெட்டைத் திறந்து ஆயில் கேஜ் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம் ஆயில் நிற்கிறது! நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன், அதே அளவு. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை.

ஷோரூம் பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, டி.பி.எஃப். அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும், எல்லாம் சேர்த்து 85,000 ஆகும் என்றார்கள். ஆயில் ஏறியதைப் பற்றிக் கேட்டேன். போன சர்வீஸில் ஊற்றியவர் கூடுதலாக ஊற்றியிருப்பார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். போன சர்வீஸ் முடிந்து 7,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். நடுவில் இரண்டு முறை குச்சியை உருவிப் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் சரியாக இருந்தது.

வீட்டில் அப்பா ஒரு கம்பெனி, மாமா ஒரு கம்பெனி, மச்சான் ஒரு கம்பெனி. டாடா, மஹிந்திரா, லேலண்ட் மூன்றுக்கும் எங்கள் குடும்பத்தில் ஆள் இருக்கிறது. குலசாமி கோயில் கிடா வெட்டுக்குப் போன இடத்தில், பந்தியில் இலை போட்டதிலிருந்து இலை எடுக்கும் வரை இதே பேச்சு. ‘நான் சொன்னதை எடுத்திருந்தால் இது வருமா?’ என்று மூன்று பேரும் என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். எனக்கு மனசு விட்டுப்போனது எங்கே என்றால், மாமா வண்டியிலும் இதே விளக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் எரிந்திருக்கிறது. அவர் வண்டி வேறு கம்பெனி. அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவருடைய டிரைவர் டீக்கடையில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே மாமா சொல்லியிருந்தால் நான் உஷாராகியிருப்பேன், கணவாயில் அந்த ராத்திரி எனக்கு வந்திருக்காது.

இன்னும் 14 மாத டியூ பாக்கி. 85,000 போட்டு இதையே ஓட்டுவதா, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி வண்டி எடுப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேலூர் லோடு:

தம்பி, மாற்றுவது என்று முடிவு எடுத்தால் மஹிந்திரா பொலேரோ பிக்கப் எடுங்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன். ஹாலோ பிளாக், கம்பி, கல் தூண் எல்லாம் ஏற்றி நத்தம் ரோட்டிலும் அழகர்கோயில் பக்கமும்தான் தினசரி ஓட்டம். வரப்பு மேல் ஏற்றிக் களத்துக்குள் இறக்கச் சொன்னாலும் இறங்கும். பின் பட்டை உறுதி, அடியில் உயரம் இருக்கிறது, ஒன்று உடைந்தால் மேலூரிலேயே பத்துக் கடையில் சாமான் கிடைக்கிறது. லோடு வண்டிக்காரனுக்கு அதுதான் முக்கியம். வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாள் வாடகை போச்சு, டிரைவர் பேட்டாவை மட்டும் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் ஸ்டாண்டில் பதினோரு வண்டி நிற்கிறது, அதில் எட்டு இதுதான். சும்மா எடுத்திருக்க மாட்டார்கள். உங்கள் மாமா எந்தக் கட்சி என்று தெரியாது, என் கட்சி இது.

---

சோழவந்தான் தேங்காய்:

மேலூர் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் கல் ஏற்றுகிறவருக்கும் பூ ஏற்றுகிறவருக்கும் ஒரே வண்டி எப்படிச் சரியாகும்? நான் தோஸ்த் ஓட்டுகிறேன். 2011இல் அசோக் லேலண்டும் நிசானும் கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த வண்டி. ஓசூரில் தயாரானது. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், காமன் ரெயில் டர்போ. ஒன்றேகால் டன் ஏற்றலாம் என்று வந்தது. 2016இல் நிசான் பங்கையும் லேலண்டே வாங்கிக்கொண்டது. நம்ம சென்னைக் கம்பெனி என்ற பாசம் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. அதற்காக மட்டும் எடுக்கவும் இல்லை. தோப்புக்குள் திருப்ப வசதியாக இருக்கிறது, வாடிப்பட்டிக்கும் பரவை மார்க்கெட்டுக்கும் ஒரு நாளில் மூன்று நடை அடித்தாலும் இடுப்பு வலிப்பதில்லை.

டாடாக்காரர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2005இல் ஏஸ் வந்திருக்காவிட்டால் என்னைப் போல ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கிறவன் பாதிப் பேர் இன்னும் வாடகை டிராக்டருக்குக் காத்துக்கொண்டு இருப்போம். இரண்டு சிலிண்டர் வண்டிதான், ஆனால் இன்றைக்கும் எந்தக் கம்பெனி சின்ன வண்டியைப் பார்த்தாலும் ஜனங்கள் குட்டி யானை என்றுதான் சொல்கிறார்கள்.

தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நோய் என்னவென்று தெரியாமல் விற்காதீர்கள். இன்ஜின் விளக்கு எரிகிற வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் வியாபாரி பாதி விலைதான் கேட்பான். இங்கே கப்பலூரில் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் எழுதுவார். அவர் வரட்டும்.

---

கப்பலூர் பட்டறை:

தம்பி, முதல் வேலையாக அந்த ஆயிலை இறக்குங்கள். இன்றைக்கே இறக்குங்கள். அந்த ஆயிலோடு மார்க்கெட்டுக்குக்கூட ஓட்ட வேண்டாம். டீசல் கலந்த ஆயில் டர்போ பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். அளவு இன்னும் ஏறினால், ஆயில் காற்றுப் பாதை வழியாக உள்ளே போய் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி வெடித்த ஒரு இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவன் நான், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இந்தத் தொழிலில் எனக்கு 24 வருஷம். பம்ப், நாசில் காலத்தில் கை வைத்தவன். உங்கள் அப்பாவின் பழக்கத்தில் தப்பே இல்லை, அந்தக் கால வண்டிக்கு அது சரி. 2017இல் நாடு முழுக்க பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் நேராக பி.எஸ். 6 வந்தது. டீசலில் இருக்கும் கந்தகமே பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. அதோடு பல டீசல் வண்டியின் சைலன்சர் பைப்பில் இந்த டி.பி.எஃப். உட்கார்ந்தது. வண்டியின் குணமே மாறிவிட்டது. ஆனால் வண்டி கொடுக்கும்போது சாவியையும் தேங்காய் பழத்தையும் கொடுத்து போட்டோ எடுத்தவர்கள், இனிமேல் வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

டி.பி.எஃப். என்றால் உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் குழாய்கள். ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைத்திருக்கும். புகை அந்தச் சுவர் வழியாகத்தான் கசிந்து வெளியே போக முடியும், கரி உள்ளேயே நின்றுவிடும். கரி நிறைந்ததும் அதை எரிக்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். நாலு வழிச் சாலையில் லோடோடு ஒரே சீராகப் போனால் தானாகவே ஓரளவு எரியும். இல்லாவிட்டால் வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் தானே எரிக்கும். எப்படி என்றால், சிலிண்டரில் வெடிப்பு முடிந்த பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீச்சும். அந்த டீசல் புகையோடு போய் பைப்பில் இருக்கும் கேட்டலிஸ்டில் எரிந்து சூட்டைக் கிளப்பும். இதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் வண்டி நிற்காமல் ஓட வேண்டும்.

இப்போது உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். எரிக்கத் தொடங்குகிறது, அடுத்த ஊர் வந்துவிடுகிறது, நிறுத்திவிடுகிறீர்கள். பாதியில் நின்றுபோகிறது. மறுபடி தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. பீச்சிய டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங் வழியாகக் கீழே ஆயிலில் இறங்குகிறது. குச்சியில் நீங்கள் பார்த்த இரண்டு விரல் உயரம் அதுதான். யாரும் கூடுதலாக ஊற்றவில்லை.

இதில் வடிவமைத்தவன் செய்த பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. கரி எரிந்துகொண்டு இருக்கிறது, இப்போது அணைக்காதே என்று காட்டுவதற்கு நிறைய வண்டியில் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூடக் கிடையாது. எல்லாம் அடைத்து முடிந்த பிறகுதான் விளக்கு. ஒரு சின்ன பல்பு வைப்பதற்கு என்ன செலவாகும்? டிரைவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஐடிலில், ஆர்.பி.எம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஃபேன் சத்தம் கூடும், அடியில் சூடான வாடை வரும். இதைக் கவனித்தால் அணைக்காமல் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். காய்ந்த சருகு, வைக்கோல் மேல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. வாரம் ஒரு தடவை கம்பம் வரை லோடோடு போகிறீர்கள். அந்த ஓட்டத்திலேயே ஒரு முறை முழுதாக எரிந்திருக்க வேண்டும். ஏன் எரியவில்லை? டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. சூடு இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எரிக்கும் வேலையைத் தொடங்காது, தொடங்கினாலும் சூடு இறங்கியதும் விட்டுவிடும். மலையேற்றத்தில் ஏறி இறக்கத்தில் குளிர்ந்து, அப்படியே தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

வண்டியைக் கொண்டுவாருங்கள். தெர்மோஸ்டாட், டி.பி.எஃப்.புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கிற சென்சார், அதற்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு இவ்வளவையும் பார்க்காமல் டி.பி.எஃப். மாற்றக் கூடாது. காரணத்தை விட்டுவிட்டு மாற்றினால் 85,000 ரூபாய் சாமான் அடுத்த வருஷம் மறுபடி அடைக்கும். அந்தக் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலே சென்சார் தப்பான கணக்குச் சொல்லும்.

ஆயிலும் கவனம். பழைய வண்டிக்கு ஊற்றிய அதே ஆயிலை விலை குறைவு என்று ஊற்றாதீர்கள். சாம்பல் குறைவாக வரும் ஆயில், லோ சாப்ஸ் என்று டப்பாவில் இருக்கும், மேனுவலில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம், டி.பி.எஃப்.பை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேர் மாற்றித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். அது சட்டப்படி தப்பு, எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது மாட்டுவீர்கள். என் பட்டறையில் அந்த வேலை செய்வதில்லை. என் பையனுக்கு வீசிங் இருக்கிறது, அவன் ரிங் ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

---

உசிலைப் பூவண்டி:

அண்ணே, எழுதியதைப் படித்ததும் ஆயிலை இறக்கிவிட்டேன். புது ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று மேனுவலில் பார்த்தேன். அதைவிட ஒன்றே முக்கால் லிட்டர் கூடுதலாக இறங்கியது. அளந்து வைத்திருக்கிறேன்.

முள்ளைப் பற்றிக் கேட்டீர்கள். பாதிக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் ஒரு வருஷமாகவே அப்படித்தான். சூடு ஏறாத நல்ல வண்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

வியாழக்கிழமை மார்க்கெட் முடித்து நேராக வருகிறேன்.

---

ஹூஸ்டனில் மேலூர்க்காரன்:

எனக்கும் மேலூர்தான். பிழைப்பு டெக்ஸாஸில், ஒன்பது வருஷமாக டீசல் பிக்கப் பட்டறை. இங்கே பிக்கப் என்றால் நம் மினி லாரி அளவு இருக்கும், ஆறு லிட்டருக்கு மேல் இன்ஜின். கட்சிச் சண்டை மட்டும் நம்ம ஊர் மாதிரியேதான். ஃபோர்டுக்காரன் செவர்லே பக்கத்தில் நிறுத்த மாட்டான், ராம்காரன் இரண்டு பேரையும் மதிக்க மாட்டான். அப்பா ஓட்டிய கம்பெனியைத்தான் மகன் ஓட்டுவான். எதிர்க் கம்பெனியைத் திட்டி ஸ்டிக்கர் அச்சடித்து விற்கிறார்கள்.

ஆனால் பானெட்டைத் திறந்தால் வேறு கதை. ஃபோர்டில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபோர்டு செய்ததில்லை, நேவிஸ்டார் என்ற கம்பெனி செய்து கொடுத்தது. செவர்லேயின் டியூராமேக்ஸ் இன்ஜின் ஜப்பான் இசுசுவோடு சேர்ந்து செய்தது. ராமில் இருப்பது கம்மின்ஸ். அதே கம்மின்ஸ் பெயர் 1962இலிருந்து புனேயிலும் இருக்கிறது, டாடா லாரியிலும் ஓடுகிறது. முகப்பில் இருக்கிற சின்னத்துக்காகச் சட்டையைப் பிடிக்கிறோம், உள்ளே வேலை செய்கிறவன் வேறு ஆள்.

மூன்றுக்கும் நோய் உண்டு, மூன்றுக்கும் தனித்தனி நோய். ஃபோர்டின் அந்த 6.0இல் ஆயில் கூலர் சேறு படிந்து அடைக்கும். அதன் வழியாகத்தான் இ.ஜி.ஆர். கூலருக்குக் கூலன்ட் போக வேண்டும். கூலன்ட் போகாமல் இ.ஜி.ஆர். கூலர் வெடிக்கும், அழுத்தம் ஏறி, இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். ஒரு சிலிண்டரைச் சுற்றி நாலு ஹெட் போல்ட்தான், அது தாங்காது. முதலில் கெட்ட சாமானை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டுபோய், ஆறு மாதத்தில் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கப்பலூர் அண்ணன் டி.பி.எஃப். பற்றிச் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும்.

செவர்லேயில் 2001இலிருந்து 2004 வரை வந்த டியூராமேக்ஸில், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரில் நோய். இன்ஜெக்டரை வால்வு கவருக்கு அடியில் வைத்துவிட்டார்கள், ஒன்றை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். கம்பெனியே கடைசியில் இன்ஜெக்டருக்கு மட்டும் ஏழு வருஷம் அல்லது இரண்டு லட்சம் மைல் என்று வாரண்டியை நீட்டியது.

கம்மின்ஸ் சாகாத இன்ஜின் என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் பழைய 5.9 லிட்டரில் டைமிங் கியர் கவருக்குள் சுண்டு விரல் நகம் அளவு ஒரு இரும்பு முளை இருந்தது. அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து கியருக்குள் விழுந்துவிடும். விழுந்தால் இன்ஜின் முடிந்தது. அந்த முளை வெளியே வராமல் தடுக்க ஒரு சின்னத் தகடும் ஒரு போல்ட்டும் போதும். இதைக் கண்டுபிடித்துப் பரப்பியது ஓட்டுகிறவர்கள். இன்ஜின் உடைந்தவன் படம் எடுத்துப் போட்டான், அடுத்தவன் தன் வண்டியைத் திறந்து பார்த்தான், தகடு வைத்தான், தப்பித்தான்.

அப்புறம் சி.பி.4 என்ற, பாஷ் கம்பெனியின் ஹை பிரஷர் டீசல் பம்ப். அது உடைந்தால் இரும்புத் தூள் டீசலோடு போய் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 2011இலிருந்து 2016 வரை டியூராமேக்ஸிலும், 2011இலிருந்து ஃபோர்டு 6.7இலும் அதே குடும்பத்துப் பம்ப். 2019, 2020 ராமிலும் அதுவே வந்தது, 2021இல் திரும்ப அழைத்துப் பழைய சி.பி.3 பம்பை மாட்டிக் கொடுத்தார்கள். மூன்று கட்சிக்கும் ஒரே பம்ப்!

தம்பி மாமாவைப் பற்றி எழுதியது எனக்கு வலித்தது. இங்கே எவ்வளவு சண்டை போட்டாலும் தன் வண்டியில் என்ன உடைந்தது, எத்தனை மைலில் உடைந்தது, எந்த வருஷத்து இன்ஜின் என்று எழுதிவிடுவார்கள். அடுத்தவன் பிழைத்துக்கொள்வான். நம்ம ஊரில் வண்டி கெட்டால் அது குடும்ப மானம் மாதிரி ஆகிவிடுகிறது. மாமாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், கோபமாக வேண்டாம்.

---

மேலூர் லோடு:

ஹூஸ்டன் தம்பி எந்தத் தெரு என்று தனியாகச் சொல்லுங்கள், தெரிந்த குடும்பமாக இருக்கும். கப்பலூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் இரண்டு வண்டியிலும் குச்சியை உருவிப் பார்த்தேன். இரண்டும் அளவு சரியாக இருக்கிறது. ஆனால் ஆயில் கடைக்காரர் கொடுத்த டப்பாவில் லோ சாப்ஸ் என்று எதுவும் போடவில்லை. இந்த ஆயில் மாற்றத்தில் மேனுவலைப் பார்த்து வாங்குகிறேன்.

---

உசிலைப் பூவண்டி:

வியாழக்கிழமை போய் வந்தேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வண்டி குளிரட்டும் என்று அண்ணன் மூன்று மணி நேரம் பேசாமல் நிறுத்திவிட்டார். அப்புறம் ஸ்டார்ட் போடச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸில் என் கையை எடுத்து வைத்தார். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், இன்ஜின் சூடேறும்வரை இந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும், 80 டிகிரி பக்கம் வந்த பிறகுதான் சட்டென்று சுட வேண்டும் என்றார். எனக்கு இரண்டாவது நிமிடத்திலேயே கையில் வெதுவெதுப்பு தெரிந்தது. ஸ்கேனரோடு ரிங் ரோட்டில் ஒரு சுற்றுப் போனோம். 64 டிகிரி, 66 டிகிரி, மறுபடி 63. அதற்கு மேல் ஏறவே இல்லை. கழற்றிப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டின் தட்டு பாதி திறந்தபடி இறுகியிருந்தது. ஒரு உள்ளங்கை அளவு சாமான்.

அதை மாற்றினார், கூலன்ட் மாற்றினார், இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிச் சுரண்டினார். உள்ளே கரி தார் மாதிரி அப்பியிருந்தது. சென்சார் குழாய் ஒன்றில் வெடிப்பு இருந்தது, அதையும் மாற்றினார். கடைசியில் ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்து வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரித்தார். முக்கால் மணி நேரம். பட்டறைக்கு வெளியே மண் தரையில் நிறுத்தி, பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றோம். முடிந்ததும் மறுபடி ஆயில் மாற்றினார், இந்த முறை மேனுவலில் போட்ட ஆயில். எல்லாம் சேர்த்து 17,300 ரூபாய். டி.பி.எஃப். அதேதான் இருக்கிறது. அதன் ஆயுள் கொஞ்சம் குறைந்திருக்கும், கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

நேற்று கம்பம் போய் வந்தேன். அதே 1,200 கிலோ. கணவாயில் மூன்றாவது கியரிலேயே ஏறி வந்தது. போன தடவை கட்டை போட்ட இடம் வந்தபோது கிளீனர் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குதிக்கத் தயாராக. தாண்டிய பிறகுதான் கையை எடுத்தான்.

வண்டியை விற்கவில்லை. ஊர்களில் நிற்கும்போது இனி அணைத்துவிடுகிறேன். அப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார். இறக்கிய ஆயிலை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமைதோறும் மார்க்கெட் முடித்துத் திருமங்கலம் தாண்டி நாலு வழிச் சாலையில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். கப்பலூர் டோல்கேட் காசு கூடுதல் செலவுதான், பரவாயில்லை.

ஹூஸ்டன் அண்ணன் சொன்னபடி மாமா வீட்டுக்கும் போனேன். வண்டியைப் பற்றி நான் எடுக்கவில்லை. அந்த பாட்டிலைத்தான் திண்ணையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தவர் எழுந்து போய்த் தன் வண்டியின் குச்சியை உருவிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்.

கப்பலூர் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியைக் கொண்டுவரலாமா? பத்து மணிக்கு இருப்பீர்களா?

---

கப்பலூர் பட்டறை:

இருப்பேன் தம்பி. ஆனால் அன்றைக்குக் காலையில் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், ஹோஸைத் தொட்டுப் பார்க்க இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமே ஆயிலை மாற்றிவிட்டுக் கொண்டுவந்து பட்டறையில் விட்டுவிடுங்கள். இறக்கிய ஆயிலை அளந்து எழுதி வையுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கட்டும்.